உப்பில்லாத விரதமும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்திக்கு வியர்க்காது. காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் இந்த ஈப்போவில், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்த பிறகும் அவள் நெற்றியில் வைத்த பொட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். நானோ குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவதற்குள் நனைந்துவிடுவேன். ஓட்டம் முடிந்து இரண்டு பேரும் சேர்ந்து நின்றால், நான்தான் ஓடினேன், அவள் என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முன்னால் வந்து சேர்ந்தது அவளாக இருக்கும்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் தம்பி மனைவி. ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு எங்களுக்கு. நடுவில் ஒரு சுவர்தான். அங்கே மிக்சி ஓடினால் இங்கே பேச்சை நிறுத்த வேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவள். பாலர் பள்ளியில் ஆசிரியை. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா பால் வெட்டிய ரப்பர் மரங்களையெல்லாம் தள்ளிவிட்டு இப்போது அங்கே செம்பனை நட்டிருக்கிறார்கள். நான் ஈப்போவிலேயே பிறந்து, ஈப்போவிலேயே அரசாங்க வேலைக்குப் போய், ஈப்போவிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஏழு வயதில் என் அப்பா என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய் விட்டார். அன்றிலிருந்து தண்ணீர் என்றால் எனக்குப் பயமே கிடையாது.

இதையெல்லாம் ஆரம்பித்தது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இப்போது யாருக்கும் அது ஞாபகம் இல்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் நடக்க ஆரம்பித்தேன், பிறகு ஓட ஆரம்பித்தேன், பழைய நீச்சலைத் தூசு தட்டி எடுத்தேன், சீனர் கடையில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். விடியற்காலையில் நான் தனியாகப் போவது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"சின்னவளையும் கூட்டிட்டுப் போ லா. அவளும் சும்மாதான இருக்கா," என்றார்.

கூட்டிப் போனேன். துணைக்கு என்று கூட்டிப்போனவள் ஒரே வருடத்தில் என்னைத் தாண்டி ஓடினாள். அவளுக்கு இருந்தது கொழுந்தனின் பழைய சைக்கிள். பிரேக் பிடித்தால் ஆடு கத்துகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் எப்போதும் எனக்கு முன்னால்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் முடித்துவிட்டு நாங்கள் தோசைக்கு நிற்கும் கடையில், ஒருநாள் நான் மட்டும் போனால், "எங்கேக்கா உங்க தங்கச்சி?" என்று கேட்பார்கள். தங்கச்சியாம். அவள் மட்டும் போன நாளில் என்னை யாராவது கேட்டார்களா என்று நான் விசாரித்ததில்லை. கேட்டிருக்க மாட்டார்கள்.

நீச்சலில் மட்டும்தான் என் கை ஓங்கியிருந்தது. அவளுக்கு நீந்தவே தெரியாது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் காலடித்தாள். நான்தான் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தேன், கை வீசக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும், "எனக்கெல்லாம் ஏழு வயசுலயே வந்திருச்சு, அப்பா கூட்டிட்டு வருவாரு," என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். நல்ல மாணவி. அதுவும் எனக்கு எரிச்சல்.

ஆயர் தாவார் தாண்டி ஒரு கடற்கரையில் அரைத்தூர டிரையத்லான் நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கடலில் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதற்குமேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் கேட்டவர்கள் எல்லாரும், "முடிச்சா போதும்மா, அதுவே பெரிசு," என்றார்கள். எனக்கு முடித்தால் போதாது. எனக்கு அவளுக்கு முன்னால் முடிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மெடல்கூட வேண்டாம்.

போட்டி தைப்பூசத்துக்குப் பிறகு வந்தது. அங்கேதான் வினை.

எங்கள் குடும்பத்தில் மருமகள்கள் இரண்டு பேரும் வருடா வருடம் பால்குடம் எடுப்போம். அதற்கு முன்னால் விரதம். சிலர் ஒரு வாரம் இருப்பார்கள், சிலர் ஒரு மண்டலம் இருப்பார்கள். அந்த வருடம் விரதம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எல்லாரும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அமைதியாக, அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் நான் முழு மண்டலமும் ஒரு வேளைச் சாப்பாடுதான்க்கா. பயிற்சியையும் விடப் போறதில்ல."

"ஒடம்பு தாங்குமா?" என்று கொழுந்தன் கேட்டார்.

"அவ தாங்குவா," என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டே சொல். என்னைக் கட்டியவர், என் கையால் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்ன இரண்டு சொல். எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது.

"நான் இந்த வருஷம் உப்பில்லாம இருக்கப் போறேன்."

உப்பில்லாத விரதம் எங்கள் குடும்பத்தில் யாரும் இருந்ததில்லை. பெரிய காவடி எடுக்கிறவர்களில் சிலர் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"அக்கா, இந்த வெயில்ல ஓடிக்கிட்டு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"முருகன் பாத்துக்குவாரு," என்றேன்.

முருகன் என்ன செய்வார், பாவம். உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை. முதல் வாரம் அழுகையே வந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது. பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. அவள் தன் போத்தலில் ஒரு மாத்திரையைப் போட்டுக் கலக்கிக் குடிப்பாள். வியர்வையில் போகிற உப்பைத் திருப்பிக் கொடுக்கிற மாத்திரை. எனக்கும் நீட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் அசாம்போய் வைத்திருப்பாள். உப்பில் ஊறவைத்துக் காயப்போட்ட அந்தச் சீனப் பிளம், வாயில் போட்டால் முகமே சுருங்கும்.

"இதாச்சும் போட்டுக்குங்கக்கா. பழம்தான லா. விரதத்துல பழம் சாப்பிடலாம்."

"உப்புல ஊறுன பழம்."

"முருகனுக்கே மாம்பழத்துலதான சண்ட வந்துச்சு. அவரு பழத்துக்குக் கோவிச்சுக்க மாட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. என் விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள். நான் உப்பில்லாமல் இருந்து காட்டிவிட்டால் அவளுடைய ஒரு வேளைச் சாப்பாட்டை யார் பேசப் போகிறார்கள்? அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு ஞாயிறு, கோலா கங்சார் பழைய சாலையில் நீண்ட தூரம் போனோம். முந்தின நாள் மழை. வெயில் ஏறியதும் தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அந்த மாதிரி நாளில் வியர்வை வழியுமே தவிர காயாது. கண்ணில் இறங்கி எரியும். நான் தண்ணீராகக் குடித்தேன். வெறும் தண்ணீர். போத்தல் காலியானால் கடையில் வாங்கி நிரப்புவேன், மறுபடியும் குடிப்பேன். திரும்பி வரும்போது தலை வலித்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் குடித்தேன். கையுறைக்குள் விரல்கள் தடித்துப்போய்க் கல்யாண மோதிரம் இறுக்கியது.

அவள் முன்னால் போய்விட்டிருந்தாள். ஒரு பழைய ரப்பர் தோட்டத்து முனையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவள் எனக்காக நிற்பதே எனக்குப் பிடிக்காது. நிற்காமல் அவளைத் தாண்டிப் போக வேண்டும் என்று எழுந்து நின்று மிதித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு புல். முகத்துக்குப் பக்கத்தில் ஈரப் புல்.

மற்றதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னாள். நான் வாந்தி எடுத்தேனாம். அவளை யாரென்றே தெரியாமல் பார்த்தேனாம். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் இட்லிச் சட்டிய எப்பத் திருப்பித் தருவ?" என்று கேட்டேனாம். அந்த இட்லிச் சட்டியை அவள் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது உண்மை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, அது வரும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நான் அதிகமாக வியர்க்கிற உடம்பு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சாப்பாட்டில் வரவில்லை. இருந்த கொஞ்சத்தையும் தண்ணீரைக் குடித்துக் குடித்து நீர்த்துப்போக வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார். கையில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த உப்பு நீர்ப் பையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம் கவலையோடு கேட்டார்.

"நரம்பு வழியா ஏறுன உப்பு, விரதத்தக் கெடுக்குமா?"

கொழுந்தன் வெளியே போய்க் கோயில் ஐயருக்குப் போன் செய்துவிட்டு வந்தார். வாய் வழியாகப் போகாத வரைக்கும் தோஷம் இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டாராம். எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போது என் ஓரகத்தி கட்டிலோரம் நின்று புடவைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சைக்கிள் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வாய் வழியாவும் போயிருச்சு மாமா," என்றாள். "ரோட்டுல அக்கா பேசறது சரியில்லன்னு ஒரு அசாம்போய வாயில அமுக்கிட்டேன். சப்புனாங்க."

நான் படுத்த படுக்கையிலிருந்து அவளை அறையலாமா என்று பார்த்தேன். கையில் ஊசி இருந்தது.

இந்த வருடம் போட்டி கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆக, அவளுக்கு முன்னால் முடிப்பது என்ற பேச்சு அத்தோடு போயிற்று. அவள் பாட்டுக்குப் போய் ஓடிவிட்டு வருவாள், மெடலை வீட்டுச் சுவரில் மாட்டுவாள், அந்தச் சுவரின் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். இதைவிட மோசமாக எதுவும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இருந்தது. நான் வீடு திரும்பிய மூன்றாம் நாள், தானும் போட்டிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அக்கா இல்லாம எனக்கு எதுக்கு," என்றாளாம். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். அது போதாதா எங்கள் சனத்துக்கு? தைப்பூசத்தன்று அவள் குடம் எடுத்து நடந்தாள். நான் காரில் போய் கோயில் நிழலில், கிழவிகளோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஒருவர்கூட விடாமல் ஒரே பாட்டு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஓரகத்தியா. உயிரைக் காப்பாற்றியதும் இல்லாமல் தன் போட்டியையும் விட்டுக்கொடுத்திருக்கிறாளே. நீ கொடுத்துவைத்தவள். ஒரு அத்தை என் கன்னத்தைத் தடவி, "அவ கால்ல விழுந்து கும்பிடணும் நீ," என்றார்.

ஓடுவதில் முந்தினாள், பொறுத்துக்கொண்டேன். சைக்கிளில் முந்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது விட்டுக்கொடுப்பதிலும் முந்திவிட்டாள். இனி நான் எதைச் செய்து இவளைப் பிடிப்பது? இதற்குமேல் ஒருத்தி செத்துத்தான் காட்ட வேண்டும், அதையும் நான் அரைகுறையாகச் செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் போய் நின்றேன்.

"நீ போட்டிக்குப் போ."

"வேணாம்க்கா."

"உன்ன கேக்கல. போன்னு சொல்றேன். நீ போகலன்னா இந்தச் சனம் ஒன்னப் படம் புடிச்சி மாட்டி ஊதுவத்தி ஏத்தும். என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவள் ஒரு சட்டையை உதறி, கயிற்றில் போட்டு, கிளிப் மாட்டினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை.

"சரி, போறேன்," என்றாள். "ஆனா நீங்க வந்து நிக்கணும்."

போய் நின்றேன். விடியும் நேரம், கடல் தேத்தண்ணி நிறத்தில் அசையாமல் கிடந்தது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே நிறத் தொப்பிதான். ஆனாலும் கூட்டத்தில் அவளை எனக்குத் தெரிந்தது. நீந்தும்போது தலையை அளவுக்கு மீறித் தூக்குவாள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்டதில்லை. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, இப்போது நான் இந்த மிதவையைத் தாண்டியிருப்பேன், இப்போது அந்த மிதவை, இப்போது கரையேறிச் சைக்கிளை எடுத்திருப்பேன் என்று மனத்துக்குள்ளேயே நீந்தினேன். அவள் கரையேறியபோது தண்ணீரில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஆனால் சைக்கிளில் அவள் பிடித்துவிட்டாள். திரும்பி வந்து இறங்கும்போது பல பேரைத் தாண்டியிருந்தாள். ஓட்டம் ஆரம்பிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காற்றே இல்லை. நான் ஐஸ் பெட்டியோடு சாலையோரம் நின்றேன். சுற்றுக்கு ஒரு தடவை வருவாள். ஐஸ் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சைக் கொடுப்பேன், வாங்கித் தலையில் பிழிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். மெதுவாகப் போ என்று வாய் வரை வரும். அக்கறையில் சொல்கிறேனா வேறு எதிலாவது சொல்கிறேனா என்று எனக்கே தெரியாததால் சொல்லவில்லை.

முடித்துவிட்டாள். நன்றாகவே முடித்தாள். கழுத்தில் மெடலோடு வந்து ஒரு சவுக்கு மரத்து நிழலில் பொத்தென்று உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அவளுக்குச் சாப்பாடு வாங்கப் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னா மூஞ்சி இது? முடிச்சிட்டல்ல."

"கடல்ல நான் கிட்டத்தட்ட கடைசிக்கா."

"அதனால என்னா?"

"தண்ணிக்குள்ள பாதி தூரம் உங்களத்தான் திட்டிக்கிட்டு வந்தேன்."

"என்னையா? நான் ஒனக்கு ஐஸ் பெட்டிய வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கிறேன்."

"அதுக்குத்தான் திட்டுனேன். நீங்க கரையில நிக்கக் கூடாது. உள்ள, எனக்கு முன்னால இருந்திருக்கணும்." அவள் கழுத்திலிருந்து மெடலைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். "ஏழு வயசுல உங்கப்பா குளத்துக்குக் கூட்டிட்டுப் போனத எத்தன தடவ சொல்லியிருப்பீங்க? ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா? எங்கப்பா பால் வெட்டிட்டு வந்து படுத்தாருன்னா எழுந்திரிக்க மாட்டாரு. என்ன யாரு எந்தக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவா? முப்பத்தி நாலு வயசுல சின்னப் பிள்ளைங்க சிரிக்க சிரிக்க அந்தப் பலகையப் புடிச்சிக்கிட்டு காலடிச்சேன். நீங்க பக்கத்துல ஒரு சத்தமில்லாம அப்படியே போவீங்க. எனக்கு எரியும்லா அக்கா. ராத்திரி சோறு எறங்காது. அந்தக் கோவத்துலதான் சைக்கிள்ல அப்படி மிதிச்சேன்."

நான் புல்லில் கிடந்த மெடலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க வரலன்னதும் நானும் வேணாம்னேன். உங்களுக்காக விட்டுக்குடுத்தேன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். உங்கள முந்தறதுக்குத்தான் இத்தனையும் பண்ணுனேன். நீங்களே இல்லன்னா இந்த மெடல வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு வருடமாக நான் தின்னாத சோறெல்லாம் ஒரே நேரத்தில் வயிற்றில் விழுந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து ஒருத்திக்கு எரிந்திருக்கிறது. அதுவும் இவளுக்கு. நான் வேலியோரம் நின்று போ போ என்று விரட்டியபோது அவள் பார்த்த பார்வையும் இப்போது விளங்கியது.

தூரத்தில் இரண்டு ஆண்களும் கை நிறையப் பிளாஸ்டிக் பைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு தடவ சொல்லு," என்றேன்.

"எத?"

"என்னப் பாத்தா எரியும்னு சொன்னியே, அத. மொதல்லேருந்து சொல்லு."

என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு சொன்னாள்.